ஒரே இருக்கை, இரண்டு பயணிகள்: பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளின் கணினித் துறைக்குப் பாடத்திட்டம் வகுக்கும் மதிப்பிற்குரிய குழு உறுப்பினர்களுக்கு, வணக்கம்.

பல பிராசஸ்களும் (இயங்கிக்கொண்டிருக்கும் நிரல்கள்) த்ரெட்டுகளும் (ஒரு நிரலுக்குள் தனித்தனியே ஓடும் பணிகள்) ஒரே காலத்தில் இயங்கும் மென்பொருளை, நிரல் எழுதத் தொடங்கும் முன்பே மாதிரியாக வரைந்து சரிபார்க்கும் பயிற்சியை, மென்பொருள் வடிவமைப்புப் பாடத்தின் கட்டாயப் பகுதியாக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

பகிர்ந்த தரவை முறைப்படுத்தும் செமஃபோரையும், ஒன்றுக்கொன்று காத்துக் கிடந்து எதுவும் நகராமல் போகும் டெட்லாக்கையும் மாணவர்கள் ஆபரேட்டிங் சிஸ்டம் பாடத்தில் படிக்கிறார்கள். மென்பொருளின் அமைப்பை வரைந்து காட்டும் யூஎம்எல் வரைபடங்களை வடிவமைப்புப் பாடத்தில் படிக்கிறார்கள். இவ்விரண்டும் சந்திப்பதே இல்லை. ஆய்வகத்தில் வழக்கமாகத் தரப்படும் ரயில் முன்பதிவுப் பயிற்சியையே பாருங்கள். நிகழ்வுகளை வரிசையாகக் காட்ட மாணவர் வரையும் சீக்வென்ஸ் வரைபடத்தில் ஒரே ஒரு பயணி வருவார், இருக்கை இருக்கிறதா என்று கேட்பார், பணம் செலுத்துவார், பயணச்சீட்டு பெறுவார். கடைசி இருக்கை ஒன்றே மிஞ்சியிருக்கும்போது இருவர் ஒரே நொடியில் கேட்டால், இரு த்ரெட்டுகளும் ‘1’ என்று படித்து, இரண்டும் ஒன்றைக் கழித்து, இருவருக்கும் அதே இருக்கையைக் கொடுத்துவிடக்கூடும். இந்தக் கேள்விக்கு அந்த வரைபடத்தில் இடமே இல்லாததால் மாணவருக்கும் அது தோன்றுவதில்லை, தேர்வாளரும் பெரும்பாலும் கேட்பதில்லை. இது யூஎம்எல்லின் குறை அன்று. ஆக்டிவ் கிளாஸ், ஆக்டிவிட்டி வரைபடத்தின் ஃபோர்க், ஜாயின், சீக்வென்ஸ் வரைபடத்தின் ‘பார்’ பகுதி என ஒரே காலத்தில் நடப்பவற்றைக் காட்டும் குறியீடுகள் எல்லாம் அதில் இருக்கின்றன. ரெக்கார்டு நோட்டுகளில்தான் அவை அரிதாக இருக்கின்றன.

பின்னால் சோதித்துப் பிடித்துக்கொள்ளலாம் என்பது வீண் நம்பிக்கை. பத்துப் பத்துப் படிகள் கொண்ட இரண்டு பிராசஸ்களின் படிகள் ஒன்றுக்குள் ஒன்று கலந்து நடக்க 1,84,756 வரிசைகள் உண்டு. சோதனையில் நாம் காண்பது அவற்றில் சிலவற்றையே. பிழையைத் தேட ஒரு பிரிண்ட் வரியைச் சேர்த்தால்கூட நேரக்கணக்கு மாறி, பிழை மறைந்துவிடலாம்.

தெராக்-25 கதிர்வீச்சுச் சிகிச்சைக் கருவியின் வரலாறு இதற்குக் கொடிய சான்று. கனடாவின் ஏஇசிஎல் நிறுவனம் தயாரித்த அக்கருவி 1985 முதல் 1987 வரை அமெரிக்காவிலும் கனடாவிலுமாக ஆறு நோயாளிகளுக்கு அளவுக்கு மிஞ்சிய கதிர்வீச்சைச் செலுத்தியது. அவர்களில் சிலர் அதனாலேயே இறந்தனர். முந்தைய மாடல்களில் இருந்த வன்பொருள் பாதுகாப்பை நீக்கியது உட்பட இதற்குக் காரணங்கள் பல. ஆனால் 1986இல் டெக்சாஸ் மாநிலத்தின் டைலர் நகரில் நேர்ந்த இரண்டு விபத்துகளின் மையத்தில் இருந்தது ஒரு ரேஸ் கண்டிஷன், அதாவது எது முந்துகிறது என்பதைப் பொறுத்து விளைவு மாறிவிடும் பிழை. சிகிச்சை விவரங்களைப் பதியும் பணியும் கதிரை வழிநடத்தும் காந்தங்களை அமைக்கும் பணியும் ஒரே காலத்தில் நடந்தன. அவை பகிர்ந்துகொண்ட மாறிகளை ஒரு நேரத்தில் ஒரு பணி மட்டுமே தொட வைக்கும் பூட்டு இல்லை. காந்தங்கள் அமைய ஏறத்தாழ 8 நொடிகள் ஆகும். சிகிச்சை வகையை எக்ஸ்ரே என்று தவறாகப் பதிந்ததை அதற்குள் எலக்ட்ரான் என்று திருத்திவிட்டால், திரையில் திருத்தம் தெரியும், கருவியோ அதைக் கவனிக்காமல் விட்டுவிடும். பழகப் பழகக் கருவியை இயக்கியவரின் கைவேகம் கூடியபோதுதான் அது வெளிப்பட்டது. பிழையைத் திரும்ப வரவழைத்துக் காட்டியவர்களும் அதே மருத்துவமனையின் இயற்பியலாளரும் கருவியை இயக்கியவரும்தான், அதுவும் வேகமாகத் தட்டச்சு செய்து பார்த்த பிறகே.

இத்தகைய வரிசைகளை மனிதர் யோசித்துத் தேட வேண்டியதில்லை. ஜெர்மானியக் கணினி அறிஞர் கார்ல் ஆடம் பெட்ரி 1962இலேயே ஒருங்கியங்கும் அமைப்புகளை வரைந்து ஆராய வழி வகுத்தார். இன்று ஸ்பின், டிஎல்ஏ பிளஸ் போன்ற கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. சிறிய மாதிரியைக் கொடுத்தால் சாத்தியமான எல்லா வரிசைகளையும் நடத்திப் பார்த்து, தவறு நேரும் வரிசையைப் படிப்படியாகக் காட்டுகின்றன. அமேசான் பொறியாளர்கள் தங்கள் டைனமோடிபி தரவுத்தளச் சேவையின் வடிவமைப்பை டிஎல்ஏ பிளஸ்ஸில் எழுதிப் பார்த்தபோது, 35 படிகள் கடந்த பின்பே வெளிப்படும் பிழை ஒன்று சிக்கியதை 2015இல் எழுதினார்கள். மனிதக் கண்ணுக்கு அது எட்டியிருக்காது.

இதற்குப் புதிய பாடம் எதுவும் வேண்டாம். அதே ரயில் முன்பதிவுப் பயிற்சியில் மாணவர் ஒவ்வொரு பிராசஸுக்கும் நிலை வரைபடம் வரையட்டும். பகிரப்படும் தரவு எது, ‘ஒரு இருக்கை ஒருவருக்கே’ என்பதுபோல எக்காலமும் மாறக்கூடாத விதி எது என்று எழுதட்டும். ஒரு பக்கத்தில் அடங்கும் அந்த மாதிரியை ஸ்பின்னில் ஓட்டி, முடிவை ரெக்கார்டில் ஒட்டட்டும். இதற்கான நேரத்தை, அதே பயிற்சிக்கு மேலும் மேலும் வரையப்படும் பேக்கேஜ், டிப்ளாய்மென்ட் வரைபடங்களைக் குறைத்தே பெறலாம். ஆசிரியர்களில் பலருக்கும் இக்கருவிகள் புதியவையாக இருக்கும் என்பதால், பாடத்திட்டம் மாறும் முன்னரே அவர்களுக்குப் பயிற்சி அளிக்க ஏற்பாடு செய்யுமாறும், செய்முறைத் தேர்வின் வைவாவில் ‘இரண்டு பேர் ஒரே நேரத்தில் கேட்டால்?’ என்ற கேள்வியைக் கட்டாயமாக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மென்பொருள் வடிவமைப்பாளர் ஒருவர்