கண்ணைப் பார்க்காததை வைத்து எங்களை அளக்காதீர்கள்

யாழ்ப்பாணத்தில் பணியாற்றும் உளவளத்துணையாளர்களுக்கும் உளநல மருத்துவர்களுக்கும், வணக்கம்.

எனக்கு அஸ்பேர்ஜர் இருப்பது வளர்ந்த பிறகுதான் தெரிய வந்தது. சத்தத்தையும் ஆட்களோடு பழகுவதையும் மூளை சிறுவயதிலிருந்தே வேறு விதமாக எடுத்துக்கொள்ளும் தன்மை அது. 2013-ல் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோயறிதல் கையேடு அந்தப் பெயரை எடுத்துவிட்டு ஓட்டிசத்தோடு சேர்த்துவிட்டது. பெயர் எதுவானாலும் சரி. பதற்றத்துக்கும் நித்திரையின்மைக்கும் உதவி கேட்டு உங்களிடம் வரும் எங்களுக்கு ஏற்ற மாதிரி, நீங்கள் பேசும் முறையைக் கொஞ்சம் மாற்ற வேண்டும் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன்.

இந்த ஊரில் உளவளத்துணை போருக்குள் வளர்ந்தது. உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றவர்கள் ஷெல்லடிக்கும் இடப்பெயர்வுக்கும் நடுவில் செய்த வேலையை நாங்கள் மறக்கமாட்டோம். 1995 இடப்பெயர்வு, 2004 சுனாமி, 2009 என்று அடுத்தடுத்து வந்த இழப்புகளில் உங்கள் கைகள் பழகியிருக்கின்றன. ஆனால் அதே கண்ணால் என்னைப் பார்க்கும்போது பிசகிவிடுகிறது. நான் சத்தத்துக்குத் துள்ளுவேன். முகம் பார்த்துப் பேசமாட்டேன். ஆட்கள் கூடினால் விலகிப் போவேன். உடனே, "ஷெல்லடியில ஆரையும் இழந்தனீங்களோ?" என்ற கேள்வி வரும். கோயில் ஒலிபெருக்கியும் மிக்சிச் சத்தமும் நினைவு தெரிந்த நாளிலிருந்தே எனக்குக் காதுக்குள் நோவாகத்தான் இறங்குகின்றன. போர் தந்த வடுவும் ஓட்டிசமும் ஒரே ஆளிடம் இருக்கலாம், அதை மறுக்கவில்லை. அதனால்தான் மூன்று, நாலு வயதில் பிள்ளை எப்படி விளையாடியது, எதற்கு அழுதது, எப்படிப் பேசத் தொடங்கியது என்று தாய் தகப்பனிடம் விசாரிக்க வேண்டும். ஓட்டிசம் சிறுவயதிலேயே தடம் காட்டும்.

ஒரு இடத்தில் என்னிடம், "இப்ப மனசுக்குள்ள என்ன ஓடுது?" என்று கேட்டார்கள். எனக்குப் பதில் வரவில்லை. மேலே காற்றாடி கடகடவென்று அடித்துக்கொண்டிருந்தது, பக்கத்து அறையில் ஒரு பிள்ளை அழுதது. நான் பேசாமல் இருந்ததைப் பார்த்துவிட்டு, ஒத்துழைப்பு இல்லை என்று கோப்பில் எழுதினார்கள். எங்களில் பலருக்கு உணர்ச்சி நிறையவே உண்டு. அது என்ன உணர்ச்சி என்று உடனே சொல்லத்தான் வராது.

வேறொருவர் காற்றாடியை நிற்பாட்டினார். ஒரு தாளையும் பேனையையும் என் பக்கம் தள்ளி, "நேற்றுப் பஸ்ஸில ஏறேக்க உடம்பில எங்க இறுகினது? வயிறோ, தாடையோ, கையோ?" என்று கேட்டார். தாடை என்று எழுதினேன். அங்கிருந்துதான் பேச்சே தொடங்கியது. முடிவில், அடுத்த முறை என்ன பேசுவோம், எவ்வளவு நேரம் இருப்போம் என்பதை அதே தாளில் எழுதித் தந்தார். அன்று இரவு எனக்கு நித்திரை வந்தது.

இது அவர் தற்செயலாகக் கண்டுபிடித்த வித்தை இல்லை. சிகிச்சை வழிகாட்டிகளை வெளியிடும் பிரித்தானியாவின் நைஸ் (NICE) நிறுவனம் 2012-ல் ஓட்டிசமுள்ள பெரியவர்களுக்காக வெளியிட்ட வழிகாட்டியும் இதைத்தான் சொல்கிறது: எழுத்தையும் படத்தையும் கூடுதலாகப் பயன்படுத்துங்கள், உவமையையும் சுற்றி வளைத்த பேச்சையும் குறையுங்கள், விதிகளை வெளிப்படையாகச் சொல்லுங்கள், இடைவேளை விடுங்கள், அவருக்குப் பிடித்த விசயத்தையே சிகிச்சைக்குள் கொண்டுவாருங்கள். இதற்குப் புதுக் கட்டடமோ இயந்திரமோ தேவையில்லை.

இன்னொன்று. கூட வந்த அம்மாவிடம் சிறுவயதுக் கதையைக் கேளுங்கள், அது வேண்டும். ஆனால் என்னுடைய இன்றைய வருத்தத்தை என்னிடம் கேளுங்கள். நான் பதில் சொல்லச் சுணங்கினால் காத்திருங்கள், அம்மா பக்கம் திரும்பாதீர்கள். "ஒரு கலியாணத்தைக் கட்டி வையுங்கோ, சரியாப் போயிடும்" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். அந்த ஒரு சொல்லோடு வீட்டில் பேச்சுக்கால் தொடங்கிவிடும். இன்னொரு வீட்டுப் பெண்ணின் வாழ்க்கையும் அதற்குள் இழுபடும்.

பெரியவர்களின் ஓட்டிசத்தைப் பார்க்கிறீர்களா இல்லையா என்று உங்கள் அறிவிப்புப் பலகையில் ஒரு வரி எழுதுங்கள். பழக்கமில்லை என்றால் அதையும் நேரே சொல்லுங்கள், நாங்கள் கோபிக்கமாட்டோம். நேரம் எடுக்க அழைப்பு மட்டும் போதாது, வாட்ஸ்அப்பில் எழுதிக் கேட்கவும் வழி வையுங்கள். முன்பின் தெரியாதவரோடு போனில் கதைக்க முடியாமலே உதவி தேடுவதைக் கைவிட்டவர்கள் எங்களுக்குள் இருக்கிறார்கள்.

நம்பிக்கையுடன்,
யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவன்