எந்தக் காபன் எந்தக் காபனோடு? மகளுக்கு ஒரு கடிதம்

தலவாக்கலை

அன்பு மகளுக்கு,

வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்துக்குப் போய் முதல் பருவமே முடியவில்லை, அதற்குள் பெருமூலக்கூறுகள் பற்றிய பாடம் மண்டையில் நிற்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். நீ அனுப்பிய அட்டவணைப் படத்தையும் பார்த்தேன். நான்கு நிரல், பதினைந்து நிரை. அதை மடித்து வைத்துவிடு. யார் பாடமாக்கினாலும் அது மூன்று நாளைக்கு மேல் நிற்காது. ஏனென்றால் அதில் காரணம் எதுவும் இல்லை, பெயர்தான் இருக்கிறது.

முதலில் இலிப்பிட்டை, அதாவது கொழுப்பை, அந்த வரிசையிலிருந்து வெளியே எடு. புத்தகங்கள் அதைக் கூடச் சேர்த்துப் போடுவது வசதிக்காக. அது பல்பகுதியம் இல்லை, அதாவது ஒருபகுதியம் என்ற சிறு அலகுகள் வரிசையாகக் கோத்த நீண்ட சங்கிலி இல்லை. ஒரு கிளிசரோலும் மூன்று கொழுப்பமிலமும் சேர்ந்தால் கதை முடிந்தது, சங்கிலி அதற்கு மேல் நீளாது. மென்சவ்வைப் படிக்கும்போது அதைத் தனியாகப் பார்த்துக்கொள்ளலாம். மிச்சம் மூன்று: பல்சக்கரைட்டு, புரதம், நியூக்கிளிக்கமிலம். மூன்றிலும் ஒரே வேலைதான் நடக்கிறது. ஒருபகுதியங்கள் இரண்டு சேரும்போது ஒரு நீர் மூலக்கூறு வெளியேறும், பிரியும்போது ஒரு நீர் மூலக்கூறு உள்ளே போகும். குளுக்கோசின் மூலக்கூற்றுத் திணிவு 180. இரண்டு சேர்ந்தால் 360 வரவேண்டும், ஆனால் மோற்றோசு 342. குறைந்த 18தான் அந்த நீர். 100 அலகு கொண்ட நேர்ச்சங்கிலியில் 99 நீர் வெளியேறியிருக்கும். கணக்குக் கேள்வியில் பிள்ளைகள் 100 என்று போட்டுப் புள்ளியை விடுவது இந்த இடத்தில்தான்.

இனி நீ ஒவ்வொரு மூலக்கூற்றிடமும் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: எந்தக் காபன் எந்தக் காபனோடு, எந்தப் பக்கமாகச் சேர்ந்திருக்கிறது? அதற்குப் பதில் தெரிந்தால் வடிவம் தெரியும். வடிவம் தெரிந்தால் அது என்ன வேலை செய்யும் என்பதை நீயே சொல்லிவிடுவாய்.

மாப்பொருளையும் செலுலோசையும் எடு. இரண்டும் வெறும் குளுக்கோசு. இரண்டிலும் முதலாம் காபன் அடுத்ததன் நான்காம் காபனோடுதான் சேர்கிறது. வித்தியாசம், முதலாம் காபனில் உள்ள ஐதரொட்சில் வளையத்துக்குக் கீழே நிற்கிறதா, மேலே நிற்கிறதா என்பது மட்டுமே. கீழே நின்றால் அல்பா. அப்போது ஒவ்வொரு இணைப்பிலும் சங்கிலி ஒரே பக்கமாக வளைந்துகொண்டே போய்ச் சுருளாகும். மாப்பொருளின் கிளையில்லாத வகையான அமைலோசில் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 6 குளுக்கோசு. மேலே நின்றால் பீற்றா. அப்போது ஒன்றுவிட்ட ஒரு குளுக்கோசு தலைகீழாகத் திரும்பித்தான் சேர முடியும். வளைவுக்கு வளைவு ஈடாகிவிடுவதால் சங்கிலி நேராகக் கிடக்கும். நேரான சங்கிலிகள் பக்கத்தில் பக்கத்தில் படுத்தால் ஒன்றின் ஐதரொட்சில்கள் மற்றதோடு ஐதரசன் பிணைப்புப் போடும். இப்படி இறுகிய கட்டுக்குள் நீரும் புகாது, நொதியமும் எளிதில் புகாது. தேயிலைத் தண்டின் முறுக்கு அங்கிருந்து வருகிறது. நம் குடலில் செலுலோசின் பீற்றா இணைப்பை வெட்டும் நொதியம் இல்லை. அம்பேவெலப் பண்ணை மாட்டுக்கும் சொந்தமாக இல்லை, அதன் இரைப்பையில் குடியிருக்கும் நுண்ணுயிர்களிடம் இருக்கிறது.

இதைப் படித்து மட்டும் விட்டுவிடாதே, கையால் வரை. வளையம் வரைந்து, காபனுக்கு இலக்கம் போட்டு, ஐந்து அலகு அல்பாவாகவும் ஐந்து அலகு பீற்றாவாகவும் சேர். பீற்றாவில் இரண்டாவது வளையத்தைத் திருப்பாமல் சேர்க்கப் பார்த்தாயானால் ஒட்சிசன் பாலம் நேராக விழாமல் கோணலாக இழுபடும். அந்த இடத்தில்தான் விஷயம் புரியும்.

மாப்பொருளின் மற்ற வகையான அமைலோபெத்தினிலும், விலங்குகள் சேமித்துவைக்கும் கிளைக்கோசனிலும் முதலாம் காபன் சில இடங்களில் ஆறாம் காபனோடு சேர்வதால் கிளை பிரிகிறது. அமைலோபெத்தினில் 24 முதல் 30 அலகுக்கு ஒரு கிளை, கிளைக்கோசனில் 8 முதல் 12க்கு ஒன்று. கிளைக்கோசனை உடைக்கும் நொதியம் நுனியிலிருந்துதான் குளுக்கோசைக் கழற்றும். கிளை கூடினால் நுனி கூடும், நுனி கூடினால் வேகம் கூடும். ஓடும் விலங்கின் தசையில் கிளைக்கோசனும் அசையாத கிழங்கில் மாப்பொருளும் இருப்பதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

கிழங்கு என்றதும் ஒரு பரிசோதனை நினைவு வருகிறது, விடுதியிலேயே செய்யலாம். ஒரே குவியலில் வாங்கிய நுவரெலியா உருளைக்கிழங்கில் பாதியைக் குளிர்சாதனப் பெட்டியில் இரண்டு மூன்று வாரம் வை, பாதியை வெளியே இருட்டில் வை. பிறகு இரண்டின் சாற்றையும், குளுக்கோசு போன்ற வெல்லங்களைக் காட்டும் பெனடிக்ற் கரைசலோடு சூடாக்கு. குளிரில் இருந்தது கூடுதலாகச் சிவக்க வேண்டும். குளிரில் கிழங்கு தன் மாப்பொருளை உடைத்துக் குளுக்கோசும் புரக்டோசும் ஆக்குகிறது. அந்தக் கிழங்கைப் பொரித்தால் கருகின நிறம் வருவதும் அந்த வெல்லங்களால்தான்.

புரதத்துக்கு வருவோம். 20 வகை அமினோவமிலம். எல்லாவற்றிலும் முதுகெலும்பு ஒன்றே, பக்கக்கூட்டம்தான் வேறு. ஒன்றின் காபொட்சில் காபன் மற்றதன் நைதரசனோடு சேர்வது பெப்தைட்டுப் பிணைப்பு. அந்தப் பிணைப்பு சுழலாது. அதன் இரு பக்கமும் உள்ள இரண்டு பிணைப்புகள் மட்டும் சுழலும், அவையும் எல்லாக் கோணத்துக்கும் போக முடியாது, அணுக்கள் ஒன்றோடொன்று இடிக்கும். எந்தக் கோணங்கள் சாத்தியம் என்று கணக்கிட்டுப் படமாக்கியவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஜி. என். ராமச்சந்திரன், ஆண்டு 1963. அவர் பெயரிலான அந்தப் படத்தை வைத்துத்தான் இன்றும் புதிதாகக் கண்டறியும் புரத அமைப்புகளைச் சரிபார்க்கிறார்கள். அதற்கு முன்பே, 1954இல், கொலாஜன் மூன்று இழை முறுக்கு என்று அவரும் கோபிநாத் கர்த்தாவும் காட்டினார்கள். அந்த முறுக்கின் நடுவில் இடம் மிகக் குறைவு. பக்கக்கூட்டமாக ஒரே ஒரு ஐதரசன் மட்டும் கொண்ட கிளைசின்தான் அங்கே அடங்கும். கொலாஜனில் மூன்றுக்கு ஒன்று கிளைசினாக இருப்பதற்குக் காரணம் இதுதான். மறக்கவே முடியாத விடை இது, தேவையான இடத்தில் எழுது.

நொதியத்துக்கு உதாரணம் கேட்டால் எல்லோரும் அமைலேசை எழுதுவார்கள். நீ தேயிலைக் கொழுந்தை எழுது. பொலிபீனோல் ஒட்சிடேசு என்ற நொதியம் இலைக்கலத்தின் பச்சையவுருமணியில் இருக்கிறது. அது தாக்க வேண்டிய கற்றெச்சின்கள் என்ற பொலிபீனோல்கள் புன்வெற்றிடத்தில். நடுவில் மென்சவ்வுகள். ஆகவே செடியில் நிற்கும் கொழுந்து பச்சையாகவே இருக்கும். ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், ட்ரஃப் என்ற நீளத் தொட்டியில் போட்டு வாட்டும்போது நீர் குறைந்து இலை துவள்கிறது. வாடாத கொழுந்தை ரோலரில் போட்டால் முறுக்கேறாது, துண்டு துண்டாக நொறுங்கும், சாறும் வடிந்து போகும். வாடினதைப் போட்டால் கலங்கள் நசுங்கி, சவ்வு கிழிந்து, சாறு இலைமேலேயே படியும். அந்த நிமிடத்தில்தான் நொதியமும் கற்றெச்சினும் சந்திக்கின்றன, காற்றின் ஒட்சிசனும் சேர்கிறது. பச்சை மங்கி, செப்புக் காசு நிறத்துக்கு வந்து, பச்சிலை வாசம் போய்ப் பழ வாசம் எழும். தியாபிளேவின், தியாரூபிஜின் என்ற நிறப்பொருள்கள் அப்போது உண்டாகின்றன. நுண்ணுயிருக்கு இதில் பங்கே இல்லை, விடைத்தாளில் அதைத் தெளிவாகச் சொல்.

பிறகு ட்ரையர். உள்ளே போகும் காற்று ஏறத்தாழ 95 பாகை செல்சியசு. அங்கே நொதியம் நிற்கிறது, ஈரமும் ஏறத்தாழ 3 சதவீதத்துக்கு இறங்குகிறது. நன்றாகக் கவனி: சூடு பெப்தைட்டுப் பிணைப்பை வெட்டவில்லை. சங்கிலி முழுசாகவே இருக்கிறது. ஐதரசன் பிணைப்புகளும், நீரை வெறுக்கும் பக்கக்கூட்டங்கள் உள்ளே ஒதுங்கி நின்ற ஒழுங்கும் குலைந்துவிட்டன. நொதியத்தின் தாக்கமிடத்தில் செப்பு அயன்களைப் பிடித்து நிற்கும் அமினோவமிலங்கள் சங்கிலியில் ஒன்றுக்கொன்று தூரத்தில் உள்ளவை, மடிப்புத்தான் அவற்றைப் பக்கத்தில் கொண்டுவந்தது. மடிப்புப் போனால் அந்த இடமே இல்லை. ‘வெப்பத்தால் புரதம் அமினோவமிலங்களாக உடைகிறது’ என்று எழுதுகிறவர்கள் வருடா வருடம் இருக்கிறார்கள். உடைக்க வேண்டுமானால் வலிய அமிலத்தில் மணிக்கணக்கில் கொதிக்கவைக்க வேண்டும், அல்லது பெப்சின் போன்ற நொதியம் வேண்டும். பச்சைத் தேயிலைக்கு இந்த வரிசை தலைகீழ்: கொழுந்தை முதலிலேயே ஆவியிலோ சூடான சட்டியிலோ காட்டி நொதியத்தைக் கொன்றுவிட்டுப் பிறகு உருட்டுவார்கள், அதனால் பச்சை மாறாது.

ஒரே ஒரு அமினோவமிலம் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு ஈமோகுளோபின். பீற்றாச் சங்கிலி 146 அமினோவமிலம், அதில் 6ஆம் இடத்தில் குளுற்றாமிக்கமிலத்துக்குப் பதில் வலீன் வந்தால் அரிவாட்கலச் சோகை. வலீன் நீரை வெறுக்கும். அது மூலக்கூற்றின் வெளிப்பக்கத்தில் நிற்பதால், ஒட்சிசனை விட்ட ஈமோகுளோபின்கள் அந்த இடத்தில் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட நாராகின்றன. செங்குழியம் வளைகிறது.

டிஎன்ஏயைப் பற்றி நீளமாக எழுதப்போவதில்லை, அது உனக்கு வரும். அடினீன் தைமீன் இரண்டு ஐதரசன் பிணைப்பு, குவானீன் சைற்றோசின் மூன்று. இழைகள் எதிரெதிர்த் திசை. ஒரு இழைக்குள் பிணைப்பு வலியது, இழைகளுக்கு இடையே மெலியது. அதனால்தான் டிஎன்ஏயைப் பிரதியெடுத்துப் பெருக்கும் பிசிஆரில் ஏறத்தாழ 95 பாகையில் இரண்டு இழையும் பிரிகின்றன, தனி இழை அறுவதில்லை. வரிசையின் பெறுமதி என்ன என்று பார்க்க வீபி மலைக்கும் பழைய விதைத் தேயிலை மலைக்கும் நடுவில் நின்று பார். வீபியில் எல்லாம் ஒரே தாய்ச்செடியின் வெட்டுத்துண்டு. டிஆர்ஐ 2025 என்ற தேயிலை வகை நட்ட மலை என்றால் இலை நிறம், அளவு, தளிர் விடும் நேரம் எல்லாம் ஒன்றுபோல இருக்கும். விதை மலையில் செடிக்குச் செடி வேறு.

செய்முறையில் எங்கே பிசகும் என்று கேட்டிருந்தாய்.

பையூரெற் (புரதத்துக்கான சோதனை): முட்டை வெள்ளையைப் பத்து மடங்கு நீரில் கலக்கி வடித்துக்கொள். அதில் 2 மில்லிலீற்றர், 10 சதவீத சோடியமைதரொட்சைட்டு 2 மில்லிலீற்றர். பிறகுதான் 1 சதவீத செப்பு சல்பேற்று, துளி துளியாக, இரண்டு மூன்று துளி போதும். கூடப் போட்டால் அதன் நீலம் ஊதாவை மறைத்துவிடும். சூடாக்கக் கூடாது. தனி அமினோவமிலம் இதற்கு நிறம் தராது, குறைந்தது இரண்டு பெப்தைட்டுப் பிணைப்பு வேண்டும். தேயிலைச் சாற்றில் புரதம் தேடாதே. அதன் பொலிபீனோல்கள் புரதத்தைப் பிடித்து வீழ்த்திவிடும், நிறமும் கபிலமாகிக் குழப்பும். பால் சேர்த்த தேநீரில் துவர்ப்புக் குறைவதும் பாற்புரதமான கேசின் அந்தப் பொலிபீனோல்களைப் பிடித்துக்கொள்வதால்தான்.

பெனடிக்ற்: சம அளவு, கொதிநீரில் 5 நிமிடம். சீனி நேரடியாக நிறம் தராது. ஐதான ஐதரோக்குளோரிக்கமிலம் சில துளி விட்டுக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, நுரை நிற்கும்வரை சோடியமிருகாபனேற்றுப் போட்டு நடுநிலையாக்கிய பிறகே பெனடிக்ற் விட வேண்டும். நடுநிலையாக்க மறந்தால் குழாய் நீலமாகவே நிற்கும், நீ சீனி நீர்ப்பகுப்படையவில்லை என்று எழுதிவிடுவாய்.

அயடீன் (மாப்பொருளுக்கான சோதனை): ஆறின கரைசலில் மட்டும் பார். நிறம் வருவது அமைலோசுச் சுருளுக்குள் அயடீன் வரிசையாக நுழைவதால். சூட்டில் சுருள் தளர்ந்து நீலம் போய்விடும், ஆறினால் திரும்பும்.

வெங்காய டிஎன்ஏ: 50 கிராம் பொடியாக வெட்டிய வெங்காயம், 3 கிராம் உப்பு, பாத்திரம் கழுவும் திரவம் 10 மில்லிலீற்றர், நீர் 90 மில்லிலீற்றர். 60 பாகை நீர்த்தொட்டியில் 15 நிமிடம், உடனே பனிக்கட்டி நீரில் 5 நிமிடம். திரவம் சவ்வின் இலிப்பிட்டைக் கரைக்கும், உப்பின் சோடியம் பொசுபேற்றின் எதிர்மின்னேற்றத்தை மூடும், 60 பாகை டிஎன்ஏயை வெட்டும் நொதியங்களை அடக்கும். அதற்கு மேல் நேரம் போனால் டிஎன்ஏயே சிதையும். பிளெண்டரில் 5 செக்கனுக்கு மேல் ஓட்டாதே, இழை துண்டாகி நூலாக எழாது. வடித்த பிறகு, ஐசுப் பெட்டியில் உறையக் குளிர்ந்த 95 சதவீத எதனோலைக் குழாயின் பக்கச் சுவர் வழியாக மெதுவாக ஊற்று. கலக்கிவிட்டால் இரண்டு படையும் போய்விடும். கை கழுவும் சானிட்டைசர் சரிவராது. எல்லையில் வெள்ளை நூல் எழும், அதில் ஆர்என்ஏயும் கொஞ்சம் புரதமும் கலந்திருக்கும், ‘தூய டிஎன்ஏ’ என்று எழுதாதே. வாழைப்பழத்தில் செய்கிற தோழிகளிடம் சொல், அவர்களுக்கு மேலே மிதந்து வரும் குமிழியுள்ள கூழ்க்கட்டியில் பெரும்பகுதி பெத்தின், அதாவது பழத்தின் கலச்சுவரில் உள்ள ஒரு பல்சக்கரைட்டு.

அடுத்த கடிதத்தில் அல்பா பீற்றாச் சங்கிலி இரண்டையும் நீ வரைந்து அனுப்பு. காபன் இலக்கம் போட்டு அனுப்பு, திருத்தித் தருகிறேன். கிழக்கில் வெயில் கடுமை, மத்தியானத்தில் நிறையத் தண்ணீர் குடி.

அன்புடன்,
அம்மா