ஞாயிறு மாலை: மனுவும் கேக்கும்

தோழர்களே, வணக்கம்.

நம் விடுதி விண்ணப்பத்தில் இன்னும் ஆண், பெண் என்று இரண்டே கட்டம். நம்மில் ஒருவர் பேனாவால் மூன்றாவது கட்டம் வரைந்து டிக் அடித்துக் கொடுத்தார். படிவம் திரும்பி வந்துவிட்டது. படிவங்களில் திருநர் கட்டம், சான்றிதழில் பெயர், பாலினம் மாற்ற வழி, எல்லாருக்கும் பொதுவான கழிப்பறை எல்லாம் வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூனிலேயே சொல்லிவிட்டது. மனுவில் அதைத்தான் கேட்கிறோம்.

செப்டம்பர் 6, ஞாயிறு மாலை 6 மணி, புதுச்சேரி கடற்கரை, காந்தி சிலை அருகே. (2018இல் 377ஆம் சட்டப்பிரிவுத் தீர்ப்பு வந்த நாள்: ஒரே பாலினத்தவர் உறவு குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. கேக் உண்டு.)

1. கையெழுத்து கட்டாயமில்லை. வீட்டில் இன்னும் சொல்லாதவர்கள் சும்மா வந்து உட்காருங்கள், போதும்.
2. யாரையும் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். போன முறை நடந்தது நினைவிருக்கும்.
3. வருபவர்கள் வெள்ளி இரவுக்குள் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள், குழுவில் வேண்டாம்.