38 ரூபாய்க்கு யார் கோர்ட்டுக்குப் போவார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பேத்திக்குக் காதுகுத்து என்று போன மாதம் நானும் என் மனைவியும் சென்னைக்குப் போகவேண்டி வந்தது. போனில் ஒரு ஆப்பில் பஸ் டிக்கெட் போட்டேன். ஒரு ஆளுக்கு 750 ரூபாய், இரண்டு பேருக்கு 1,500 என்று பார்த்துத்தான் உள்ளே போனேன். மேலே சிவப்பு எழுத்தில் "இன்னும் 2 சீட்தான் பாக்கி" என்று ஓடிக்கொண்டிருந்தது, பக்கத்தில் ஒரு கடிகாரம் வேறு நொடி நொடியாகக் குறைந்துகொண்டே வந்தது. அந்தப் பதற்றத்தில் பேர், வயசு எல்லாம் அடித்துப் பணம் கட்டி முடித்த பிறகு பார்த்தால் 1,638 போயிருக்கிறது. (பஸ் ஏறியபோது பாதி சீட் காலி, அது தனிக் கதை.)

எங்கே போனது 138 ரூபாய் என்று மருமகள் உட்கார்ந்து பார்த்துச் சொன்னாள். வசதிக் கட்டணம் 60, கேன்சல் பாதுகாப்பு 40, இன்சூரன்ஸ் ஆளுக்கு 19 வீதம் 38. இன்சூரன்ஸ் கட்டத்தில் நான் டிக் போடவே இல்லை, அது வரும்போதே டிக்கோடுதான் வந்திருக்கிறது. அதை எடுக்கப் போனால் "வேண்டாம், என் குடும்பத்தின் பாதுகாப்பு எனக்கு முக்கியமில்லை" என்கிற வரியைத் தொட்டால்தான் அடுத்த பக்கமே வருமாம். எழுதியவர் யாரோ, மனசாட்சியோடுதான் எழுதினாரா தெரியவில்லை.

நான் தபால்காரனாக இருந்து ஓய்வு பெற்றவன். மணியார்டர் அனுப்ப வருகிறவருக்கு 100 ரூபாய்க்கு 5 ரூபாய் கமிஷன் என்று பணத்தை எண்ணுவதற்கு முன்னாலேயே தெரியும். அதனால்தான் இந்த 38 ரூபாய் எனக்கு உறுத்தியது. சட்டம் என்ன சொல்கிறது என்று தேடிப் படித்தேன், படித்தால் ஆச்சரியம்தான், எல்லாமே இருக்கிறது! 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2020 ஜூலையில் வந்த இணைய வணிக விதிகள், வாங்குபவரின் சம்மதத்தை முன்கூட்டியே டிக் போட்டு எடுத்துக்கொள்ளக் கூடாது என்று நேரடியாகவே சொல்கின்றன. குறைதீர் அதிகாரி ஒருவர் இருக்கவேண்டும், புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ளவேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்கவேண்டும் என்றும் இருக்கிறது. 2023 நவம்பரில் 'டார்க் பேட்டர்ன்' என்று 13 வகை ஏமாற்று வேலைகளைப் பட்டியல் போட்டுத் தடை செய்தார்கள். கேட்காததைக் கூடையில் போடுவது, இல்லாத அவசரத்தைக் காட்டுவது, வேண்டாம் என்பவரைக் கூச வைப்பது, விலையைத் துளித்துளியாகக் காட்டுவது, நான்கும் அதில் உண்டு. ஒரே டிக்கெட்டில் எனக்கு நான்கும் நடந்துவிட்டது. கூச வைப்பதற்கு அந்தப் பட்டியலில் காட்டியிருக்கும் உதாரணமே விமான டிக்கெட் இன்சூரன்ஸ்தான்.

சரி, சட்டம் இருக்கிறது, பணத்தை எப்படி வாங்குவது? அந்த ஆப்பில் எழுதிக் கேட்டேன், "உங்கள் அனுபவத்துக்கு வருந்துகிறோம்" என்று ஒரு இயந்திரம் மூன்று முறை வருந்தியது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம்தான். கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நம் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் வரை கொடுத்து வாங்கியதற்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. ஆனால் 38 ரூபாய்க்காக ஒரு தடவை மாவட்டத் தலைநகருக்குப் போய்வர ஆகும் பஸ் செலவே அதைவிட அதிகம். எவனும் வரமாட்டான் என்று கணக்குப் பண்ணித்தானே 19 ரூபாய் என்று வைத்திருக்கிறார்கள்? 1,900 என்று வைத்திருந்தால் நாலு பேராவது சண்டைக்குப் போயிருப்பார்கள்.

இதற்கும் அந்தச் சட்டத்திலேயே ஒரு வழி இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். 16, 17-ம் பிரிவுகளைப் பாருங்கள். நுகர்வோர் ஒட்டுமொத்தமாகப் பாதிக்கப்படுகிற விஷயங்களில் மாவட்ட ஆட்சியரிடமே எழுத்தில் புகார் கொடுக்கலாம், அவர் விசாரித்து மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அறிக்கை அனுப்பலாம். என் 38 ரூபாய் திரும்பி வருகிறதோ இல்லையோ, அந்த டிக்கை எடுக்கச் சொல்லி உத்தரவு போட அந்த ஆணையத்துக்கு அதிகாரம் இருக்கிறது. 1915 என்ற உதவி எண்ணில் புகாரைப் பதியலாம் என்பது ஓரளவு தெரிந்த விஷயம், ஆட்சியரிடம் போகலாம் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? நான் கேட்ட பத்துப் பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை.

நம் மாவட்டத்தில் திங்கள்கிழமை தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது. பட்டாவுக்கும் முதியோர் பென்ஷனுக்கும் மனு எழுதிக் கொடுக்க வாசலிலேயே ஆட்கள் இருக்கிறார்கள். அதே வரிசையில் இணைய வணிகப் புகார்களுக்கும் ஒரு மேசை போட்டு, ஒரே ஆப்பின் மேல் வரும் மனுக்களைச் சேர்த்துக் கட்டி மேலே அனுப்பவேண்டும் என்று அரசு ஒரு சுற்றறிக்கை போட்டால் போதும், புதுச் சட்டம் எதுவும் வேண்டாம். உங்கள் பத்திரிகையும் அந்த இரண்டு பிரிவுகளை எளிய தமிழில் ஒரு நாள் போடலாமே.

வருகிற திங்கள்கிழமை நான் போகிறேன். கடைசிப் பக்கத்தின் ஸ்க்ரீன்ஷாட், பேங்க் மெசேஜ், அந்த இயந்திரம் வருந்திய பதில், மூன்றையும் பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறேன். கலர் பிரிண்ட் ஒரு பக்கம் 10 ரூபாய் என்று கடை வாசலிலேயே எழுதிப் போட்டிருந்தார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர்