எடைக்குப் போகாத விமானங்கள்

கொழிஞ்சாம்பாறை,
பாலக்காடு மாவட்டம்.

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். நகரியிலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் சென்ற வாரம் வந்து சேர்ந்தது. வீட்டில் அனைவரும் நலம் என்று அறிந்து மகிழ்ந்தேன். இங்கும் நலமே. அரக்கோணத்திலிருந்து எழும்பி உங்கள் ஊர் மலைகளுக்கு மேலே உறுமிக்கொண்டு போன டுபொலேவ்-142 கடல் கண்காணிப்பு விமானங்களை நினைவுகூர்ந்துவிட்டு, நம் காலத்து விமானங்கள் எல்லாம் உலைக்குப் போய்விட்டன, இனி அவற்றைப் பற்றிப் பேச நாம் இருவர்தான் மிச்சம் என்று முடித்திருந்தீர்கள். உங்கள் வருத்தத்தில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் எல்லாம் உலைக்குப் போய்விட்டன என்பதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். கழித்துக் கட்டிவிட்டார்கள் என்று ஊரே நம்பிய விமானங்கள் பல இன்றும் நிற்கின்றன; சில பறக்கவும் செய்கின்றன. அவை எப்படித் தப்பின என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் டுபொலேவையே எடுத்துக்கொள்வோம். 1988-இல் கோவாவில் கடற்படையில் சேர்ந்து, 1992-இல் அரக்கோணம் ராஜாளி தளத்துக்கு வந்த அந்த விமானங்கள் 2017 மார்ச் 29 அன்று ஓய்வு பெற்றன. அவற்றுள் ஒன்று அடுத்த மாதமே விசாகப்பட்டினத்துக்குத் தானே பறந்து போய் இறங்கியது. அங்கே அதைப் பகுதி பகுதியாகக் கழற்றி, கடற்கரைச் சாலைக்குக் கொண்டு சென்று, மறுபடியும் பூட்டி, அருங்காட்சியகமாக நிற்கும் குர்சுரா நீர்மூழ்கிக் கப்பலுக்கு அருகிலேயே நிறுத்தினார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் குடியரசுத் தலைவர் அதைத் திறந்து வைத்தார். நான்கு இன்ஜின்கள், ஒவ்வொன்றிலும் எதிரெதிராகச் சுழலும் இரண்டு புரொப்பெல்லர்கள் என்ற அந்த அமைப்பைப் பள்ளிப் பிள்ளைகள் அண்ணாந்து பார்த்து எண்ணிக்கொண்டு நிற்கலாம் என்பதே எனக்குப் பெரிய ஆறுதல். கவலையும் ஒன்று உண்டு. விமானத்துக்குப் பயன்படும் அலுமினியக் கலவையில் வலிமைக்காகச் செம்பு சேர்க்கிறார்கள். அந்தச் செம்பே உப்புக்காற்றில் அதற்கு எமனாகிறது. பெயின்ட் பெயர்ந்த இடத்திலும் ரிவெட் தலைகளைச் சுற்றியும் வெள்ளைப் பொடியாகத் தொடங்கும் அரிப்பு, உள்ளே தகடு தகடாகப் பிளந்துகொண்டு போகும் என்பது விமான உடலைப் பராமரிக்கும் ஏர்ஃப்ரேம் பிரிவில் காலம் முழுதும் உழைத்த உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கடலோரத்தில் நிற்கும் விமானத்தை நன்னீரில் அடிக்கடி கழுவி, காலம் தவறாமல் பெயின்ட் அடித்து வந்தால்தான் அது அடுத்த தலைமுறைக்குக் கிடைக்கும்.

என் மனத்தில் எப்போதும் முதலிடம் லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களுக்குத்தான். நாம் பணியில் சேர்ந்த காலத்தில் மூத்தவர்கள் டீ நேரத்தில் அந்தக் கதையைச் சொல்வார்கள். பாதியை நாம் நம்பியதில்லை. பின்னாளில் தேடிப் படித்தபோது, அவர்கள் கூட்டிச் சொல்லவே இல்லை என்று தெரிந்தது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா கடன்-குத்தகை ஏற்பாட்டின்படி பிரிட்டனுக்குக் கொடுத்த விமானங்களைப் போர் முடிந்ததும் திருப்பித் தர வேண்டும், அல்லது விலை கொடுக்க வேண்டும், அல்லது அழித்துவிட வேண்டும் என்பது நிபந்தனை. ஆஸ்திரேலியக் கரைக்கு அப்பால் பிரிட்டிஷ் கடற்படை நல்ல நிலையில் இருந்த போர் விமானங்களைக் கடலுக்குள் தள்ளியது இதனால்தான். இந்தியாவிலிருந்த லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களைக் கான்பூரில் கொண்டுவந்து குவித்தார்கள். யாரும் மறுபடி பயன்படுத்திவிடக் கூடாது என்று அவற்றை இடித்தும் உடைத்தும், இன்ஜின்களில் மணலைக் கொட்டியும் பாழாக்கிவிட்டுப் போனார்கள்.

அந்தக் குவியலைப் பார்த்து, இதிலிருந்து ஒரு படைப்பிரிவையே உருவாக்கலாம் என்று துணிந்தவர்கள் பெங்களூர் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலைக்காரர்கள். ஒன்றின் இறக்கையை எடுத்து மற்றொன்றில் பூட்டி, உடைந்த தகடுகளை ஒட்டுப்போட்டு, அங்கிருந்து பறந்து போகும் அளவுக்கு மட்டும் ஒவ்வொன்றையும் கான்பூரிலேயே தேற்றினார்கள். தொழிற்சாலையின் சோதனை விமானி ஜாம்ஷெட் முன்ஷி அவற்றை ஒவ்வொன்றாக ஏறக்குறைய 1,500 கிலோமீட்டர் தூரம் ஓட்டி வந்து பெங்களூரில் இறக்கினார். முழுதும் பிரித்துச் செப்பனிடும் ஓவர்ஹால் அங்கேதான் நடந்தது. இப்படி 40-க்கும் மேற்பட்ட விமானங்கள் மீண்டன. 1948 நவம்பரில் தொடங்கிய விமானப்படையின் 5-ஆம் ஸ்குவாட்ரன் இவற்றைக் கொண்டே கனரகக் குண்டுவீச்சுப் பிரிவாக அமைந்தது. பின்னர் 6-ஆம் ஸ்குவாட்ரன் கடல் கண்காணிப்புக்காக இவற்றை 1968 வரை ஓட்டியது. எடைக்குப் போட வைத்திருந்த உலோகம் 20 ஆண்டுகள் நாட்டின் கடலெல்லையைக் காத்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது.

இது எப்படிச் சாத்தியமானது என்று நான் நெடுநாள் யோசித்திருக்கிறேன். துணிவும் விடாமுயற்சியும் இருந்தன என்பதில் ஐயமில்லை. ஆனால் அவை மட்டுமே போதாது. 1940-இல் தொடங்கிய அந்தத் தொழிற்சாலை, 1943 முதல் அமெரிக்க விமானப்படையின் பழுதுபார்ப்புக் கிடங்காக இயங்கியது. டகோட்டா போக்குவரத்து விமானங்களும் கட்டலினா கடல் விமானங்களும் அங்கே ஓவர்ஹாலுக்கு வந்துகொண்டே இருந்தன. டகோட்டாவில் இருந்ததும், கட்டலினாவில் இருந்ததும், லிபரேட்டரில் இருந்ததும் அடிப்படையில் ஒரே இன்ஜின் குடும்பம்: பிராட் அண்ட் விட்னி நிறுவனத்தின் 14 சிலிண்டர் ட்வின் வாஸ்ப். அதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த நூற்றுக்கணக்கான கைகளும், அளவுகளும் அவற்றில் அனுமதிக்கும் ஏற்றத்தாழ்வுகளும் எழுதிய மானுவல்களும், உதிரிபாகங்களும் பெங்களூரில் ஏற்கெனவே இருந்தன. அவை இல்லாத ஊரில் அந்தக் குவியல் வெறும் அலுமினியமாகவே முடிந்திருக்கும். கைவேலை தெரிந்தவனும் காகிதமும் தராசுக்கு முன்னால் வந்து சேர்ந்தால் விமானம் பிழைக்கிறது, தராசு முந்திக்கொண்டால் போய்விடுகிறது. இந்தக் கடிதத்தில் நான் சொல்ல வந்ததே இதுதான்.

அமெரிக்காவில் தராசுதான் முந்திக்கொண்டது. 18,000-க்கும் மேற்பட்ட லிபரேட்டர்களைக் கட்டிய நாடு அது. போர் முடிந்ததும் அரிசோனா மாநிலத்துக் கிங்மன் போன்ற இடங்களில் ஆயிரக்கணக்கான விமானங்களை வரிசையாக நிறுத்தி வெட்டி, உருக்கிக் கட்டிகளாக வார்த்தார்கள். மெம்ஃபிஸ் பெல் என்னும் புகழ்பெற்ற பி-17 குண்டுவீச்சு விமானத்தைக்கூட உடைக்கும் இடத்திலிருந்து 1946-இல் மெம்ஃபிஸ் நகரம் 350 டாலர் கொடுத்து மீட்க வேண்டியிருந்தது. லிபரேட்டரோ அவர்களிடம் விரல்விட்டு எண்ணும்படியே எஞ்சியது. கடைசியில் அவர்கள் தேடி வந்தது நம் நாட்டுக்கு. 1968-இல் ஒன்று கனடாவுக்கும், 1969-இல் ஒன்று அரிசோனாவின் டூசான் நகர அருங்காட்சியகத்துக்கும், 1974-இல் ஒன்று பிரிட்டிஷ் விமானப்படை அருங்காட்சியகத்துக்கும் இங்கிருந்து போயின. 1944-இல் டெக்சாசில் பிறந்து, கான்பூரில் கைவிடப்பட்டு, நம்மிடம் 1968 வரை உழைத்த இன்னொன்று, 1980-களில் இங்கிலாந்து வழியாக அமெரிக்காவின் காலிங்ஸ் அறக்கட்டளைக்குப் போய், 1989-இல் மறுபடி பறக்கத் தொடங்கியது. டெல்லியில் பாலம் என்னும் இடத்திலுள்ள விமானப்படை அருங்காட்சியகத்தில் நமக்கென்று ஒன்று இருக்கிறது. உலகில் இன்று முழு உருவில் நிற்கும் லிபரேட்டர்களில் கணிசமானவை கான்பூர்க் குவியலிலிருந்து நம்மவர்கள் எடுத்தவை என்பதை இங்கே எத்தனை பேர் அறிவார்கள்? பாடநூலில் ஒரு பத்தியாவது இதற்குக் கொடுக்கலாம்.

நம் கேரளத்துக்காரர்கள் பெருமையோடு பேசும் பரசுராமாவைப் பற்றியும் எழுத வேண்டும். 1944-இல் கட்டிய டகோட்டா அது. 2011-இல் அயர்லாந்தில் ஏறக்குறையக் கழிவாகக் கிடந்ததை அப்போது மாநிலங்களவை உறுப்பினராக இருந்த ராஜீவ் சந்திரசேகர் வாங்கி, இங்கிலாந்தில் செப்பனிடச் செய்து, விமானப்படைக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார். அவருடைய தந்தை விமானப்படையில் டகோட்டா ஓட்டியவர். 2018 ஏப்ரலில் அது பல நாடுகளில் இறங்கி ஏறி ஜாம்நகர் வந்து சேர்ந்தது. மே மாதம் ஹிண்டன் தளத்தில் படையில் சேர்ந்தது. அதன் வாலில் விபி 905 என்று எழுதியிருக்கிறார்கள். 1947 அக்டோபர் 27 அன்று சீக்கியப் படைவீரர்களை ஏற்றிக்கொண்டு ஸ்ரீநகரில் முதலில் இறங்கிய டகோட்டாவின் எண் அது; இந்த விமானத்தின் பிறப்பெண் வேறு. ஒன்றின் எண்ணை மற்றொன்றுக்கு எழுதுவது சரிதானா என்று நீங்கள் கேட்பீர்கள். அந்த எண்ணைச் சுமக்க ஓர் உடல் கிடைத்ததே என்று நான் மகிழ்கிறேன். ஆனால் இது வேறு விமானம், அந்த எண்ணை நினைவுக்காக ஏற்றிருக்கிறது என்ற உண்மையைப் பார்க்க வருபவர்களுக்கும் எழுதிவைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பர்மாவில் புதைத்த ஸ்பிட்ஃபயர் போர் விமானங்கள் பற்றிய பேச்சை நீங்களும் கேட்டிருப்பீர்கள். பெட்டிகளில் அடைத்து மண்ணுக்கடியில் பத்திரமாக வைத்துவிட்டுப் போனார்கள் என்று நம்பி, 2013 தொடக்கத்தில் ரங்கூன் விமான நிலையத்தில் தோண்டினார்கள். விமானம் ஒன்றும் கிடைக்கவில்லை. செவிவழிச் செய்தியை நம்பி அவ்வளவு செலவு செய்யும் உலகம், கண்ணெதிரே கொட்டகைகளில் கிடப்பதைக் கவனிப்பதில்லை என்பது எனக்கு வருத்தம்.

கண்ணெதிரே என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கோவைப் பக்கத்துக் காயலான் கடை ஒன்றில், பம்ப்செட் வார்ப்படத்துக்கு அனுப்ப ஒதுக்கிய அலுமினியக் குவியலில் விமானச் சாமான் போல ஏதோ இருக்கிறது என்று ஒரு தெரிந்தவர் சொன்னதால் போய்ப் பார்த்தேன். ஒரு புரொப்பெல்லர் பிளேடும், முகப்பு உடைந்த உயரமானி ஒன்றும் இருந்தன. பிளேடின் அடிப்பகுதியைத் துடைத்துப் பார்த்தபோது ஹாமில்டன் ஸ்டாண்டர்டு நிறுவனத்தின் முத்திரையும், வரைபட எண்ணும், வரிசை எண்ணும் தெளிவாகத் தெரிந்தன. யார் செய்தது, எந்த மாதிரி என்பது வரை அந்த எண்கள் சொல்லும். எந்த விமானத்தில் எத்தனை மணி நேரம் பறந்தது, ஏன் கழற்றினார்கள் என்பதை அதன் பணிப்பதிவு அட்டையான லாக் கார்டு மட்டுமே சொல்லும். அந்தக் கார்டு என்றோ கிழிந்து போயிருக்கும். டகோட்டாவிலிருந்து வந்ததா, வேறொன்றிலிருந்து வந்ததா என்று உறுதியாகச் சொல்ல எனக்கு வழியில்லை. கடைக்காரர் நல்ல மனிதர். எடைக்கான விலையை மட்டும் வாங்கிக்கொண்டு பிளேடைக் கொடுத்துவிட்டார். இப்போது அது என் வீட்டுத் திண்ணையில் சாய்ந்து நிற்கிறது. எண்களைப் படமெடுத்துக் குறித்துவைத்திருக்கிறேன்.

உயரமானியை நான் தொடவிடவில்லை. அந்தக் காலத்துக் கருவிகளின் முள்ளிலும் எண்ணிலும் இருட்டில் ஒளிர ரேடியம் பெயின்ட் பூசியிருப்பார்கள். ஒளிர்வது நின்றுவிட்டாலும் ரேடியம் எங்கும் போவதில்லை. அது பாதியாகக் குறையவே 1,600 ஆண்டுகள் ஆகும். கண்ணாடி உடைந்திருந்தால் அந்தப் பொடி மூச்சில் போய்விடும். கருவிப் பிரிவில் இருந்தவன் என்ற முறையில் இதைக் கடையில் வேலை செய்யும் பையன்களுக்குப் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். கையால் சுரண்டக் கூடாது, உலையில் போடவே கூடாது, மூடிய டப்பாவில் தனியாக வைத்து முறையாக ஒப்படைக்க வேண்டும் என்று விளக்கியதைக் கேட்டுக்கொண்டார்கள். பழையதைக் காப்பாற்ற வேண்டும் என்று பேசுகிறவர்கள் இதையும் சேர்த்தே பேச வேண்டும்.

கோவைக்கு அருகிலுள்ள நம் சூலூருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. கோவாவில் இருக்கும் ஹன்சா கடற்படை விமானத் தளம் 1961-இல் முதலில் தொடங்கியது சூலூரில்தான். 1964-இல்தான் கோவாவுக்குப் போனது. பழைய விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து பறந்த சீ ஹாக், அலிசே விமானங்களை இன்று கோவாவிலுள்ள கடற்படை விமான அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். அந்தக் கப்பலையோ காப்பாற்ற முடியவில்லை. 2014-இல் மும்பையில் உடைத்தார்கள், அதன் இரும்பில் ஒரு பகுதி மோட்டார் சைக்கிளானது. இப்போது சூலூரிலிருந்து தேஜஸ் போர் விமானம் பறக்கிறது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றோடு அதன் ஓசை இங்கே வரும்போது, ஒருநாள் இதற்கும் ஓய்வு வரும், அன்று இதன் காகிதங்களை யாராவது எடுத்துவைப்பார்களா என்றுதான் நினைக்கிறேன்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். பணிக்காலத்தில் நீங்கள் தினமும் எழுதிவந்த அந்தக் கோடு போட்ட நோட்டுகளை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ரகசியம் எதுவும் அவற்றில் இல்லை என்பதை நான் அறிவேன். எந்த ரிவெட்டை எந்த உளியால் எடுத்தால் தகடு கிழியாது, எந்த மூட்டில் அரிப்பு முதலில் தொடங்கும், மூட்டுகளை அடைத்த பழைய சீலன்ட் பசையை எப்படிச் சுரண்டுவது என்றெல்லாம் நீங்கள் எழுதியவை எந்த மானுவலிலும் இல்லை. ஒரு விமானத்தை மறுபடி நிறுத்த முயலும் இளைஞனுக்கு அவை பெருந்துணையாகும். உங்கள் பேரனிடம் சொல்லி ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள்; கருவிப் பிரிவு பற்றிய என் குறிப்புகளோடு சேர்த்து, தேதிவாரியாக நான் படியெடுத்து வைக்கிறேன். கையெழுத்து புரியாத இடங்களில் தொலைபேசியில் கேட்டுக்கொள்வேன்.

மழைக்காலம் முடிந்ததும் விசாகப்பட்டினம் போய்வரலாம் என்று எழுதியிருந்தீர்கள். நான் வருகிறேன். பாலக்காட்டிலிருந்து ரயிலேறி அரக்கோணத்தில் இறங்கிவிடுகிறேன். அங்கிருந்து சேர்ந்து போவோம். டுபொலேவின் அடிவயிற்று மூட்டுகளையும் சக்கரக் கூண்டையும் நீங்கள் ஒருமுறை கூர்ந்து பாருங்கள். அரிப்பு ஏதும் தென்பட்டால் இடத்தைக் குறித்து, அங்குள்ள பொறுப்பாளர்களுக்கு நாம் இருவரும் கையெழுத்திட்டு ஒரு கடிதம் கொடுத்துவிட்டு வரலாம். டார்ச்சு விளக்கும் சிறிய கண்ணாடியும் நான் கொண்டுவருகிறேன்.

வீட்டில் தங்கைக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்லுங்கள்.

என்றும் அன்புடன்,
தங்கள் பழைய நண்பன்