மைனஸ் எட்டு வந்தால் சொல்லு

கோவை
ஞாயிறு, விடிய இன்னும் நேரமிருக்கிறது

அன்புள்ள அம்மணிக்கு,

ஊர் வந்து பத்து நாள் ஆகிறது. தூக்கம் மட்டும் இன்னும் உன் ஊர் நேரத்தில்தான் நடக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்புத் தட்டிவிடுகிறது. உங்கம்மா எழுந்துவிடக் கூடாதே என்று அடுப்படி விளக்கைப் போட்டு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ ‘மாத்திரை போட்டீங்களாப்பா’ என்பாய், நான் ‘ம், ஆச்சு’ என்பேன், பேச்சு அதோடு முடிந்துவிடும்.

நயாகரா போய்விட்டு வந்த ராத்திரி, மணி பத்தைத் தாண்டியிருக்கும், நீ லேப்டாப்பை மூடாமலே எழுந்து வந்து ‘எப்படிப்பா இருந்துச்சு?’ என்றாய். ‘நல்லா இருந்துச்சு கண்ணு’ என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன். நீ கதவோரம் கொஞ்ச நேரம் நின்றது தெரியும். மூன்று மாதத்துக்கு முன்பே எங்களுக்கென்று தனி வண்டி சொல்லி வைத்து, லீவும் போட்டு, கிளம்புகிற காலையில் ஆபீஸிலிருந்து போன் வந்ததும் வாசலில் நின்று கையசைத்தாயே, அந்தப் பிள்ளைக்கு ‘நல்லா இருந்துச்சு’ ஒரு பதிலா? அதனால்தான் இது.

முதலில் வண்டியைப் பற்றி. ‘ரெண்டு பேருக்கு எதுக்கு இம்மாம்பெரிய வேன்’ என்று நான் முணுமுணுத்தது உன் காதில் விழுந்திருக்கும். வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். கொடி பிடித்தவன் பின்னால் ஐம்பது பேரோடு ஓடுகிற பஸ் என்றால் உங்கம்மா முழங்காலுக்குப் பாதி வழியிலேயே பயணம் முடிந்திருக்கும். ஓட்டி வந்த தம்பி யாழ்ப்பாணத்துப் பையன். உங்கம்மா படியில் காலை வைக்கத் தடுமாறியபோது, ‘ஆறுதலா வாங்கோ அம்மா, ஆறுதலா’ என்றான். அவள் வண்டியில் உட்கார்ந்ததும் என் காதில், ‘ஏனுங்க, நமக்கு எதுக்குங்க ஆறுதல் சொல்றான்? ஊர்ல யாருக்காச்சும் ஏதாச்சும் ஆயிருச்சுங்களா?’ என்றாள். அவர்கள் ஊரில் ‘ஆறுதலா’ என்றால் நிதானமாக, மெதுவாக என்று அவனே விளக்கிய பிறகுதான் முகம் தெளிந்தது. அப்புறம் நாள் முழுக்க அவளுக்கு அதே வார்த்தைதான். இங்கே வந்தும் விடவில்லை. நேற்று பால்காரரிடம் சொன்னாள்.

உன் டொராண்டோவிலிருந்து ஏரியைச் சுற்றிக்கொண்டு 130 கிலோமீட்டர். முதலில் திராட்சைத் தோட்டம். இந்தக் குளிர் ஊரில் திராட்சை எப்படி என்று கேட்டேன். ஒரு பக்கம் ஒன்டாரியோ ஏரி, இன்னொரு பக்கம் சுவர் எடுத்ததுபோல நீளமாக ஒரு மேட்டு விளிம்பு. கோடையில் வாங்கின சூட்டை ஏரி லேசில் விடாது. அந்தக் காற்றும் மேட்டில் முட்டித் திரும்புமாம். நடுவில் மாட்டின அந்தக் கீற்று நிலத்துக்கு மட்டும் குளிர் கொஞ்சம் தள்ளி வருகிறது.

அங்கே ஒரு பெண் பிள்ளை, உன்னைவிட பத்து வயது சின்னவளாக இருப்பாள், வரிசையாகக் கண்ணாடிக் கோப்பைகளை வைத்தாள். ஒவ்வொன்றிலும் இரண்டு மடக்கு. சாய்த்துப் பார், சுழற்று, முகர்ந்து பார், பிறகு வாயில் வை. பிடிக்காவிட்டால் துப்புவதற்கு ஒரு வாளியும் இருந்தது. காசு கொடுத்து வாங்கித் துப்புவதா என்று நான் துப்பவில்லை. சிவப்பு ஒயின் கடுக்காய்த் தண்ணீர் மாதிரி நாக்கைப் பிடித்து இழுத்தது. நீலகிரியில், மஞ்சூர்க் குளிரில், பவர் ஹவுஸ் நைட் ஷிப்ட் பார்த்த நாளில் நான் என்னென்ன குடித்தேன் என்று உனக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். அந்த நாக்குக்கு இதெல்லாம் பெரிதாகப் படவில்லை.

கடைசியாக வந்தது ஐஸ் ஒயின். கட்டைவிரல் உயரத்துக்குக்கூட ஊற்றவில்லை. நிறம் நம் ஊர்த் தேன் மாதிரி. அந்தப் பெண் எங்களை வெளியே கூட்டிப்போய்க் காட்டினாள். சில வரிசைக் கொடிகளுக்குக் கொசுவலை கட்டினதுபோல வலை போர்த்தியிருந்தது. மற்றதையெல்லாம் அறுத்துவிடுவார்களாம், அவற்றை மட்டும் பறவை கொத்தாமல் மூடி, பனிக்காலம் வரை கொடியிலேயே விட்டுவிடுவார்களாம். குளிர் மைனஸ் எட்டு டிகிரிக்குக் கீழே போக வேண்டும். அதற்கு முன் பறித்தால் ஐஸ் ஒயின் என்று பெயர் போட்டு விற்கவே சட்டம் விடாது. பெரும்பாலும் ராத்திரியில்தான் அந்தக் குளிர் வரும். தகவல் வந்ததும் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு போய்ப் பறிக்க வேண்டியதுதான். பழம் ஒவ்வொன்றும் கோலிக்குண்டு மாதிரி உறைந்திருக்கும். அப்படியே பிழிந்தால் தண்ணீர் ஐஸாக உள்ளேயே தங்கிவிடும், இனிப்பு மட்டும் சொட்டுச் சொட்டாக வெளியே வரும்.

நான் சுமாராகத் தலையாட்டிக்கொண்டிருந்தேன். உங்கம்மாதான் பட்டென்று சொன்னாள்: ‘பாகு காய்ச்சறதுதானுங்க இது. நாம நெருப்பு வெச்சு தண்ணிய எடுக்கறோம், இவங்க பனிய வெச்சு எடுக்கறாங்க.’ தம்பி அதை இங்கிலீஷில் சொன்னதும், அந்தப் பெண் உங்கம்மா கையைப் பிடித்துக்கொண்டாள். இதுவரை யாரும் இப்படிச் சொன்னதில்லையாம்.

அந்த உற்சாகத்தில்தான் அது நடந்தது. ‘ஏனுங்க, இது சாராயமுங்களா, சாறுங்களா?’ என்றாள். ‘ரெண்டும்தான்’ என்றேன். கோப்பையை வாங்கி ஒரு சொட்டு நாக்கில் வைத்தாள். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம் மீதியையும் முடித்துவிட்டு, ‘இருமலுக்கு நல்லாருக்கும்’ என்றாள். நாற்பது வருஷமாக என்னை இந்த விஷயத்தில் விரட்டி விரட்டித் திட்டியவள். இதை நான் எழுதினது அவளுக்குத் தெரிய வேண்டாம்.

அங்கிருந்து ஆற்றோரமாகவே மேலே ஏறுகிற ரோடு. வழியில் பூவாலேயே ஒரு கடிகாரம், 40 அடி அகலம், ஏறக்குறைய 16,000 செடி. முள் சுற்றுகிறது, மணியும் அடிக்கிறது. 1950-இல் அதைக் கட்டினது யார் தெரியுமா? அந்த மாகாணத்து மின்வாரியம்! எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. நம்ம வாரியத்தில் பூச்செடி என்றால் குவார்ட்டர்ஸ் வாசலில் நாங்களாக நட்ட டேலியாதான்.

தாவரவியல் பூங்காவில் உங்கம்மா ரோஜாக்களை விட்டு நகரவில்லை. தோட்டக்காரப் பிள்ளைகளைப் பழக்க 1936-இல் தொடங்கின இடம். இன்றைக்கும் படிக்கிற பிள்ளைகள்தான் மண்வெட்டியோடு திரிகிறார்கள். நான் புல்தரையில் புளியோதரை டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அங்கேதான் எனக்கு ஊட்டி ஞாபகம் வந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அருவி. படத்தில் பார்த்ததுதான், நேரில் இன்னும் பெரிது, அவ்வளவுதான் சொல்ல முடியும். குதிரை லாடம் மாதிரி வளைந்து 57 மீட்டர் விழுகிறது. எல்லோரும் போட்டோ எடுத்தார்கள். எனக்கு மட்டும் மேட்டூர்க் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. மேட்டூரில் விநாடிக்கு 1 லட்சம் கன அடி திறந்தால் காவிரிக் கரை முழுக்க தண்டோரா போடாத குறை, பேப்பரில் தலைப்புச் செய்தி. இங்கே சீசனில் பகல் பூராவும் குறைந்தபட்சம் அந்த 1 லட்சம் கன அடி விழுந்தே ஆக வேண்டும் என்று கனடாவும் அமெரிக்காவும் 1950-இல் ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. வேடிக்கை பார்க்கிறவர்களுக்காக! இரவில் அதில் பாதி விட்டால் போதும். மீதி சுரங்கம் வழியாக மின் நிலையங்களுக்குப் போய்விடும். அருவிக்கு மேலே ஆற்றுக்குள் பதினெட்டு மதகு வைத்துக் கணக்குப் பண்ணித் திருப்புகிறார்கள். ராத்திரியில் எடுக்கிற தண்ணீரில் ஒரு பங்கை மேலே ஒரு தேக்கத்துக்கு ஏற்றி வைத்து, தேவை கூடுகிற நேரத்தில் இறக்கி ஓட்டுகிறார்கள். நம்ம கடம்பாறை மின் நிலையத்தில் செய்கிறோமே, அதேதான். உலகமே வாயைப் பிளந்து பார்க்கிற அருவிக்கும் ஷிப்ட் உண்டு அம்மணி.

உன் பட்டியலில் இல்லாத ஒரு இடத்துக்கும் போனேன். அருவிக்குச் சற்று மேலே பழைய பவர் ஹவுஸ் ஒன்று, 1905-இலிருந்து 2006 வரை ஓடினது. இப்போது காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். நீள ஹாலில் நீல நிறத்தில் பதினொரு ஜெனரேட்டர். விநாடிக்கு 25 சைக்கிள் கரண்ட். நம்மது 50 என்பதால் எனக்கு அதுவே ஒரு அதிசயம். உங்கம்மா ‘இங்கயுமா மெஷினு?’ என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். நான் லிப்டில் கீழே இறங்கி, டர்பைனைச் சுற்றின தண்ணீர் வேலை முடித்து வெளியேறுகிற அந்தச் சுரங்கத்தில் நடந்தேன். 670 மீட்டர். செங்கல் பதித்த வளைவு, ஈர வாசனை, தூரத்தில் ஒரு வெள்ளைப் பொட்டாக வெளிச்சம். முப்பத்தைந்து வருஷம் தண்ணீர் போகிற வழியிலேயே வாழ்ந்தவன் நான். ஆனால் இப்படித் தண்ணீர் வெளியேறுகிற வழியில், டெயில் ரேஸ் என்போம், ஒரு நாளும் நடந்ததில்லை. மெஷின் நின்றால்தானே நடக்க முடியும். மறுமுனையில் வெளியே வந்தால் அருவி அடிவாரம், முகமெல்லாம் சாரல். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து விட்டுவிட்டேன்.

இன்னொன்றும் உனக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். நீ பிறந்து வளர்ந்த குந்தா மின்திட்டம், காமன்வெல்த் நாடுகள் சேர்ந்து போட்ட கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா கொடுத்த உதவியில் எழுந்தது. மெஷினும் அங்கிருந்து கப்பலேறி வந்ததுதான். உன் பால்புட்டிக்கு வெந்நீர் வைத்த கரண்ட்டே கனடாவோடு சம்பந்தப்பட்டது. இதைத் தம்பியிடம் சொன்னபோது, ‘அப்ப நீங்கள் எங்களுக்கு முதலே வந்திட்டியள் ஐயா’ என்று சிரித்தான்.

எட்டு மணிக்குத் தண்ணீரைக் குறைப்பார்கள், செப்டம்பர் பாதிக்கு மேல் அதுதான் நேரம். அதைப் பார்த்துவிட்டுத்தான் வருவேன் என்று பிடிவாதம் பிடித்தேன். தம்பியிடம் கூடுதல் நேரத்துக்கு எவ்வளவு என்று கேட்டால், ‘வீட்டை போய்ச் சும்மாதானே இருக்கப் போறன், நிண்டு பாருங்கோ’ என்றுவிட்டான். கலர் விளக்குப் போட்டுவிட்டார்கள். எட்டு, எட்டே கால், எட்டரை. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. சத்தம் மட்டும் கொஞ்சம் இறங்கினதுபோல இருந்தது. அது என் மனப்பிராந்தியாகவும் இருக்கலாம். உங்கம்மா என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

இப்போது ஊட்டி. நீ அஞ்சாவது படிக்கிறாய். மே மாசப் பூக்கண்காட்சிக்கு நான்தான் கூட்டிப்போகிறேன் என்று ஒரு மாசமாகச் சொல்லி வைத்திருந்தேன். கிளம்புகிற காலையில் அடுத்த ஷிப்ட்காரர் வீட்டில் சாவு. நான் டியூட்டிக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. மஞ்சள் பாவாடையில் நீ பஸ் ஜன்னலில் இருந்து கையைக்கூட அசைக்கவில்லை. பக்கத்து குவார்ட்டர்ஸ்காரர்களோடு போய்விட்டு, ராத்திரி ஒரு பொட்டலம் வர்க்கியோடு வந்தாய். என் பக்கத்தில் படுத்துக்கொண்டு, பூவிலேயே ரயில் செய்திருந்தார்கள் என்று ஆரம்பித்தாய். ரயிலுக்கு எத்தனை பெட்டி என்று நீ சொன்னது எனக்குத் தெரியாது. அதற்குள் தூங்கிவிட்டேன். இரட்டை ஷிப்ட் பார்த்த உடம்பு.

அன்றைக்கும் தூங்கினது நான்தான், உன் வீட்டிலும் தூங்கினது நான்தான். நீ வரவில்லை என்று போனில் இரண்டு தடவை மன்னிப்புக் கேட்டாய். இனி அதைக் கேட்காதே. முடிந்தால் அந்த ரயிலுக்கு எத்தனை பெட்டி என்று சொல்லு.

ஐஸ் ஒயின் ஒரு சின்ன பாட்டில், 200 மில்லி, வாங்கி உன் அடுப்படியில் அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். அந்த விலைக்கு இங்கே ஒரு வாரக் காய்கறி வாங்கலாம், அதனால் சமையலில் ஊற்றிவிடாதே. மாப்பிள்ளையோடு சாப்பாட்டுக்குப் பிறகு குளிர வைத்துக் குடியுங்கள். உங்கள் ஊரில் மைனஸ் எட்டு வருகிற ராத்திரி எனக்கு ஒரு போன் போடு. பறிக்கப் போயிருப்பார்கள். இங்கே அப்போது பகல்தான், நான் முழித்திருப்பேன்.

உங்கம்மா எழுந்துவிட்டாள். யாருக்கு எழுதுகிறேன் என்று கேட்டுவிட்டு ஒரு சேதி சேர்க்கச் சொல்கிறாள்: புளியோதரை கொண்டுபோன டப்பாவை அந்தத் தம்பி வண்டியிலேயே விட்டுவிட்டோமாம். கேட்டு வாங்கி வை. எவர்சில்வர், இரண்டடுக்கு, மூடியில் உன் ஆத்தா பேர் வெட்டியிருக்கும். அவசரமில்லை, ஆறுதலா வாங்கு என்கிறாள்.

அன்புடன்
அப்பா