அம்பாசடருக்குப் பளபளப்பு எங்கே வேண்டும்?

கோவை,
ஞாயிறு இரவு

அன்புள்ள ராமு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காது குத்தியதில் எல்லாருக்கும் சந்தோஷம். ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று உன் தங்கச்சிக்குத்தான் மனத்தாங்கல். அதை நீயே போனில் பேசித் தீர்த்துக்கொள், என்னை இழுக்காதே. என் முழங்கால் வலி வழக்கம்போல.

வண்டி விஷயத்துக்கு வருகிறேன். மேற்கு வங்காளத்து உத்தர்பாரா ஆலையில் 2014-லேயே உற்பத்தி நின்றுபோன அம்பாசடரை இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறாயே, சபாஷ். ஆனால் பானட்டைத் திறந்தால் எல்லாமே கண்ணாடியாய் மின்ன வேண்டும் என்கிறாய் பார், அது எனக்கு ஒப்பவில்லை. எஞ்சின் தலையை மூடியிருக்கும் டேப்பெட் கவர் தகட்டு இரும்பு. பெயின்டை உரித்துத் தேய்த்தால் ஐப்பசி மழைக்குள் துரு பூத்துவிடும். பிரைமர் அடித்துப் பெயின்ட் பண்ணிவிடு. புகையை வெளியே தள்ளும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு வார்ப்பிரும்பு, அதோடு மல்லுக்கட்டாதே.

நீ கை வைக்க வேண்டியது பெட்ரோலையும் காற்றையும் கலக்கிற எஸ்.யூ. கார்புரேட்டரின் தலையில் உட்கார்ந்திருக்கிற அலுமினிய மூடியில். அது வெளியே எவ்வளவு மின்னினாலும் அழகுதான். உட்புறத்தில் மட்டும் உப்புத்தாள் படவே கூடாது. உள்ளே ஏறி இறங்கும் பிஸ்டன் சுவரைத் தொடாமல், மயிரிழை இடைவெளியில் நிற்கிறது. அந்த இடைவெளி கூடினால் பிஸ்டனைத் தூக்குகிற வேக்குவம் கசிந்து, பிஸ்டன் ஏற வேண்டிய அளவுக்கு ஏறாது. பெட்ரோல் கலவை கெடும். மூடியும் பிஸ்டனும் ஜோடி, வேறொன்றோடு மாற்றிப் போட்டுவிடாதே.

முதலில் மண்ணெண்ணெயில் பிசுக்கு போகக் கழுவு. காஸ்டிக் சோடா பக்கமே போகாதே, அலுமினியத்தைத் தின்றுவிடும். பிறகு வாட்டர் பேப்பர், அதாவது நனைத்துத் தேய்க்கிற உப்புத்தாள்: 400, 600, 800, 1000. எண் கூடக் கூட நைசு. சோப்புத் தண்ணீர் தொட்டுத் தேய்க்கணும். 400-ஐ நெட்டுக்குத் தேய்த்தால் 600-ஐக் குறுக்கே தேய். பழைய கோடு ஒன்றுகூட இல்லாமல் மறைந்த பிறகுதான் அடுத்த பேப்பர். பொறுமை இல்லாதவன் இங்கேதான் மாட்டுவான். பஃப், அதாவது மின்னவைக்கிற துணிச் சக்கரம், போட்டதும் விட்டுப்போன கோடெல்லாம் பல்லைக் காட்டும்.

அதன்பின் துணி பஃப், பழுப்பு பஃபிங் சோப்பு. மூடியை வீலின் மையத்துக்குக் கீழே பிடி, மேல் பக்கம் கொடுத்தால் பிடுங்கி எறியும். பஃப் மாட்டுகிற கிரைண்டர் மோட்டார் நிமிஷத்துக்கு 2,800 சுற்று சுற்றுகிறது. லுங்கி, தோள் துண்டு, கையுறை எதுவும் வேண்டாம். மாஸ்க், கண்ணாடி கட்டாயம். இரும்பு தீட்டிய தூள் கிடந்தால் முதலில் கூட்டி அள்ளிவிடு. இரும்புத் துருவும் அலுமினியத் தூளும் கலந்த இடத்தில் பொறி விழுந்தால் பற்றிக்கொள்ளும். கடைசியில் ஒட்டியிருக்கும் கறுப்பு மெழுகுக்கு மைதா தூவித் துடைத்துப் பார், சுத்தமாக வந்துவிடும்.

இரண்டு பாகம் சேரும் இடத்தில் கசியாமல் வைக்கிற கேஸ்கெட் உட்காரும் முகங்களில் பஃப் காட்டாதே. ஓரம் மழுங்கினால் கசியும். கலவையை எஞ்சினுக்குக் கொண்டுபோகிற இன்டேக் மேனிஃபோல்டின் உட்புறத்தையும் மின்னவைக்கப் போவதாக எழுதியிருக்கிறாய். அங்கே ஈயம் பூசினாற்போலும் இருக்கணும், பூசாதது போலும் இருக்கணும். வார்ப்புப் பிசிறை எடுத்தால் போதும். லேசான சொரசொரப்பு இருந்தால்தான் சுவரில் படிகிற பெட்ரோல் மறுபடி காற்றோடு கலக்கும்.

அலுமினியம் கொஞ்ச நாளில் மங்கத்தான் செய்யும், அவ்வப்போது பாலிஷ் போடு. மேலே லாக்கர் வார்னிஷ் அடிக்கலாமா என்று கேட்டாய். எஞ்சின் சூட்டில் மஞ்சளடித்துப்போகும், வேண்டாம்.

பஃப் வீல் இங்கேயே வாங்கி பார்சலில் போடுகிறேன். உன் கிரைண்டர் ஷாஃப்ட் அரை இஞ்சா முக்கால் இஞ்சா என்று மட்டும் அளந்து சொல்.

அன்புடன்,
மணி